கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பின் ஹார்மோன் அளவுகளை எவ்வாறு புரிந்துகொள்வது?

கருவைக் கருப்பையில் வைத்த பின்னர் வரும் நாள்களில் எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படுவது உடல்நிலை பற்றிய கேள்வி அன்று. ஆய்வக அறிக்கையில் உள்ள ஓர் எண்ணைப் பற்றிய கேள்வியே. “பீட்டா எச்.சி.ஜி. 120 வந்திருக்கிறது, போதுமா டாக்டர்?” “புரோஜெஸ்டிரோன் 8 தான் இருக்கிறது, கரு தங்குமா?” காட்டுப்பள்ளி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்களில், அறிக்கை கைபேசிக்கு வந்து சேரும் வேளையில் கணவர் துறைமுகத்திலோ அனல்மின் நிலையத்திலோ இரவுப் பணியில் இருப்பதுண்டு. மனைவி அந்த எண்ணோடு தனியே விடியும்வரை விழித்திருக்கிறார். அவருக்காகவும், மறுநாள் காலை அவரிடம் “என்ன வந்தது?” என்று கேட்கப்போகும் உறவினர்க்காகவும் இதனை எழுதுகிறோம்.

கரு கருப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்கியதும், பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளரவிருக்கும் அதன் வெளிப்புற உயிரணுக்கள் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இதில் ஆல்ஃபா, பீட்டா என இரு பகுதிகள் உள்ளன. ஆல்ஃபா பகுதி தைராய்டைத் தூண்டும் ஹார்மோனிலும் உள்ளது, எச்.சி.ஜி.க்கே உரியது பீட்டா. அதனை மட்டும் பிரித்தறியும் இரத்தப் பரிசோதனை 1972இல் வந்தது. அதற்கு முற்பட்ட தலைமுறைகளில், கர்ப்பிணியின் சிறுநீரைச் சுண்டெலிக்குச் செலுத்தி, சில நாள் கழித்து அதன் சினைப்பையை ஆராய்ந்தே விடை கூறினர். இன்று காலையில் இரத்தம் கொடுத்தால் மாலைக்குள் எண் வந்துவிடுகிறது. கவலையும் அதே வேகத்தில் வந்துவிடுகிறது.

முதல் பரிசோதனையின் எண் கரு ஒட்டியிருப்பதை மட்டுமே பெரும்பாலும் கூறும். அது எந்தத் திசையில் செல்கிறது என்பதை இரண்டாம் பரிசோதனைதான் காட்டும். “48 மணி நேரத்தில் இரட்டிப்பாக வேண்டும்” என்று பலர் கேள்வியுற்றிருப்பர். அது ஒரு சராசரி. கட்டாய எல்லை அன்று. முதல் அளவு 1,500க்குக் குறைவாக இருப்பின், 48 மணி நேரத்தில் 49 விழுக்காடு உயர்வதையே இயல்பான கர்ப்பத்தில் எதிர்பார்க்கத்தக்க மிகக் குறைந்த உயர்வாக மருத்துவ வழிகாட்டுதல்கள் கொள்கின்றன. 120 என்பது 179 ஆனாலே அந்த எல்லையை எட்டிவிடுகிறது.

இங்கே கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். கணவரின் பணி முடிந்த பின் திங்கட்கிழமை மாலை 6 மணிக்கு ஒருவர் இரத்தம் கொடுக்கிறார், எண் 120. சாலையில் கண்டெய்னர் லாரிகள் நிறையும் முன்னரே வந்துவிட எண்ணி, புதன்கிழமை காலை 7 மணிக்கு மீண்டும் கொடுக்கிறார், எண் 205. “இரண்டு நாளாகியும் இரட்டிக்கவில்லை” என்று குடும்பமே சோர்ந்துபோகிறது. உண்மையில் இடைவெளி 37 மணி நேரமே. 48 மணி நேரத்தில் சரியாக இரட்டிக்கும் ஒரு கர்ப்பத்தில் அந்நேரத்திற்கு இருக்க வேண்டிய அளவும் ஏறத்தாழ 205 தான்! ஆகவே ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுத்த நேரத்தைச் சீட்டில் குறித்துவையுங்கள்.

முட்டை முதிர்வதற்காகப் போடப்படும் ஊசியிலும் பெரும்பாலும் எச்.சி.ஜி.யே உள்ளது. அது உடலைவிட்டு முழுதும் நீங்க 10 முதல் 14 நாள் ஆகலாம். நாங்கள் கூறிய தேதிக்கு முன்னரே மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கிப் பார்த்தால், இரு கோடுகள் தெரிவது அந்த ஊசியினால் இருக்கலாம்.

புரோஜெஸ்டிரோன் பற்றிய கவலையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியுள்ளது; மிகுதியான தவறான முடிவுகள் இதில்தான் எடுக்கப்படுகின்றன. இயற்கையில், முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் உருவாகும் ஒரு திசு இதனைச் சுரந்து, நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை கருப்பையின் உட்சுவரைக் காக்கிறது. உறைநிலையில் வைத்த கருவை மருந்துகளால் மட்டுமே தயார்செய்த கருப்பையில் வைக்கும்போது அத்திசு உருவாவதே இல்லை. நாம் தரும் மருந்தே முழு ஆதாரம். இயற்கைச் சுழற்சியில் வைத்தாலோ உடலும் தன் பங்கைச் செய்கிறது. இவ்வகைச் சிகிச்சை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதற்குக் காரணமான மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், ஹார்மோன் ஊசிகளால் முட்டைகளை வளர்த்த அதே சுழற்சியில் கருவை வைக்கவில்லை. அதனை உறையவைத்து, பிறிதொரு சுழற்சியில் வைத்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அதனை ஏற்க மறுத்தனர் என்பது வருந்தத்தக்க வரலாறு.

மருந்தின் வடிவமும் எண்ணை மாற்றும். பெண்ணுறுப்பினுள் வைக்கும் மாத்திரை நேரே கருப்பையைச் சென்றடைகிறது; இரத்தத்தில் கலப்பது சிறிதே. எனவே கருப்பையில் போதிய அளவு இருந்தும் அறிக்கையில் குறைவாகத் தோன்றலாம். இடுப்பில் போடும் எண்ணெய் ஊசியில் இரத்த அளவு உயர்ந்தே காணப்படும். டைட்ரோஜெஸ்டிரோன் என்னும் வாய்வழி மாத்திரையைப் புரோஜெஸ்டிரோன் பரிசோதனை அளப்பதே இல்லை. ஆக, 8 என்னும் ஒரே எண் மூவர்க்கு மூன்று பொருள் தரும். அதற்காக அவ்வெண்ணைப் புறக்கணிக்கவும் கூடாது. மருந்தை மட்டுமே நம்பிய உறைகரு சிகிச்சையில் அளவு 10க்குக் கீழ் இருந்தால் ஊசியைக் கூடுதலாகச் சேர்ப்பதுண்டு. அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. எண்ணைக் கண்டு மாத்திரையை நீங்களே கூட்டவோ, இரத்தக்கசிவைக் கண்டு நிறுத்தவோ வேண்டாம்.

இரு பரிசோதனைகளையும் ஒரே ஆய்வகத்தில் செய்துகொள்ளுங்கள். சில ஆய்வகங்கள் புரோஜெஸ்டிரோனை நானோகிராமிலும் சில நானோமோலிலும் தருகின்றன. முன்னதில் 10 என்பது பின்னதில் ஏறத்தாழ 32. முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் மாத்திரைகளில் உள்ள பயோட்டின், எச்.சி.ஜி.யைக் குறைவாகவும் புரோஜெஸ்டிரோனை மிகுதியாகவும் காட்டக்கூடும். அதனை உட்கொள்பவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

எண் நன்றாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. அடிவயிற்றில் ஒருபுறமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் ஆகியவை கரு குழாயில் தங்கியதன் அறிகுறிகளாக இருக்கலாம். கருப்பையினுள் வைத்த கருவும் அரிதாகக் குழாய்க்குச் சென்றுவிடுவதுண்டு. வயிறு விரைந்து உப்புதல், மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை சினைப்பை மிகைத்தூண்டலைக் குறிக்கலாம். இவற்றில் எது தோன்றினும் இரவென்றும் பாராமல் 108ஐ அழையுங்கள்.

சிலர்க்கு எண் உயர்ந்து, பின் தாழ்ந்துவிடும். அவ்வாறு நேர்ந்தால், ஷேர் ஆட்டோவில் வந்ததாலோ, குடம் தூக்கியதாலோ என்று வீட்டுப் பெரியவர்கள் காரணம் தேட வேண்டாம். இந்தத் தொடக்க நாள்களில் கரு நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் அதன் குரோமோசோம் குறைபாடே காரணம்.

எண் சீராக உயர்ந்தவர்க்கு, முட்டை எடுத்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு வாரங்களில் ஸ்கேன் செய்கிறோம். கருப்பையினுள் கருப்பை நீர்ப்பையும் இதயத்துடிப்பும் தெரிந்த பின்னர் பீட்டா எச்.சி.ஜி. பரிசோதனையை நிறுத்திவிடுகிறோம். பத்தாம் வாரத்தையொட்டி உச்சத்தை எட்டும் இந்த அளவு பின்னர் தானே இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டு அஞ்சி வெளியே பரிசோதனை செய்துகொண்டு வந்தவர்களும் உண்டு. ஸ்கேனுக்கு வரும்போது எல்லா அறிக்கைகளையும், மருந்துச் சீட்டையும், இரத்தம் எடுத்த நேரக் குறிப்பையும் உடன் கொண்டு வாருங்கள்.