ஹகீம் கவிஞரான கதை: மஜ்ரூஹ் சுல்தான்பூரி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மாலை வேலை முடிந்து திரும்பும் வடபுலத் தொழிலாளர்களின் கைப்பேசிகளில் பழைய இந்தித் திரைப்பாடல்கள் ஒலிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். பாடியவர் முஹம்மது ரஃபி என்பது நம்மவர்க்கும் தெரியும். எழுதியவர் யார் என்று கேட்டால் மௌனமே விடையாகிறது. அவ்வாறு குரலுக்குப் பின்னே மறைந்துபோன பெயர்களுள் ஒன்று மஜ்ரூஹ் சுல்தான்பூரி.

1919இல் பிறந்த அவருடைய இயற்பெயர் அஸ்ராருல் ஹசன் கான். காவல்துறையில் பணியாற்றிய தந்தை, மகனுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டாமெனக் கருதி மதரஸாவில் சேர்த்தார். அங்கு அரபியும் பார்சியும் கற்ற அவர், பின்னர் லக்னோவில் யூனானி மருத்துவம் பயின்று ஹகீமானார். ஆனால் முஷாயிராக்களில் அவருடைய கஸல்களுக்குக் கிடைத்த வரவேற்பு மருத்துவத்தைக் கைவிடச் செய்தது. 'மஜ்ரூஹ்' என்றால் காயமுற்றவர் என்று பொருள். மருந்திட வேண்டியவர் சூடிக்கொண்ட புனைபெயர் இது!

1945இல் பம்பாய் முஷாயிரா ஒன்றில் அவரைக் கேட்ட தயாரிப்பாளர் ஏ.ஆர். கர்தார், படத்துக்குப் பாட்டெழுத அழைத்தார். மஜ்ரூஹ் மறுத்துவிட்டார். குடும்பத்தைக் காக்க இவ்வருவாய் உதவும் என ஆசான் ஜிகர் முராதாபாதி எடுத்துரைத்த பின்னரே இசைந்தார். நவ்ஷாத் இசையமைத்த 'ஷாஜஹான்' 1946இல் வெளிவந்தது; சைகல் பாடினார்.

விடுதலைக்குப் பிந்தைய சில ஆண்டுகளுக்குள், நேருவைச் சாடிய கவிதைக்காக அவர் சிறை புக நேர்ந்தது. மன்னிப்புக் கேட்டால் விடுதலை என்றார்கள், கேட்க மறுத்தார். பிழைப்புக்காகத் திரைக்கு வந்தவர் கொள்கையையும் விற்றுவிட்டார் என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு போராட்டமும் அவருக்கு இருந்தது. முற்போக்கு எழுத்தாளர் பலர் கஸலைப் பழம்பாணி எனத் தள்ளி, நஸ்மையே போற்றிய காலம் அது. மஜ்ரூஹ் கஸலை விடவில்லை. காதலுக்குரிய சொற்களிலேயே அரசியலைப் பேச வைத்தார். அவர் எழுதிய கஸல்கள் எண்ணிக்கையில் குறைவே. எனினும் அவற்றை உர்தூ உலகம் மறக்கவில்லை. திரைப்பாட்டெழுதியவர் இலக்கியவாதியாகார் என்னும் எண்ணம் நம்மிடையேயும் உண்டு. திரைக்கு எழுதிய கவி கா.மு. ஷெரீப்தாம் சீறாப்புராணத்துக்கு உரையும் கண்டார் என்பதை அவ்வெண்ணமுடையோர் மறந்துவிடுகின்றனர்.

'தோஸ்தி' (1964) படப் பாடலுக்காக ஃபிலிம்ஃபேர் விருது பெற்ற மஜ்ரூஹ், தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் பாடலாசிரியரும் ஆவார். சைகலுக்கு எழுதத் தொடங்கிய அந்தப் பேனா, நம் சென்னையின் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'புகார்' படம் வரை ஓயவில்லை. அப்படம் வெளிவந்த 2000ஆம் ஆண்டிலேயே, மே 24 அன்று, அவர் மறைந்தார்.