வாளுக்கு முன் ஒரு கணம்

நெமிலிச்சேரி அமைந்துள்ள தொண்டை மண்டலம் தெருக்கூத்துக்குப் பெயர் பெற்றது. விடிய விடிய நிகழும் கூத்திலும், இசை நாடகத்திலும் மக்களைக் கலங்க வைக்கும் காட்சிகளுள் ஒன்று, குற்றமற்றவர் கொலைக்களத்தில் நிற்பதாகும். ‘கோவலன்’, ‘அரிச்சந்திரன்’ ஆகிய இரு நாடகங்களை இங்கு ஒப்பிட்டுக் காண்போம்.

சிலப்பதிகாரக் கதையைச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மேடை நாடகமாக்கினார். இளங்கோவடிகள் காட்டும் கொலைக்களம் நுட்பமானது. கோவலனின் தோற்றம் கண்ட காவலர், ‘இவன் கள்வன் அல்லன்’ என ஐயுறுகின்றனர். பொற்கொல்லனோ கள்வரின் தந்திரங்களை எடுத்துரைத்து அவ்வையத்தைப் போக்குகிறான். அறிவற்ற ஒருவனின் வாள் வீழ்கிறது. கண்ணகி வழக்குரைப்பது அதன் பின்னரே! சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறிக்க, பாண்டியன் பிழையுணர்ந்து உயிர் துறக்கிறான். தீர்ப்பு திருந்திற்று, போன உயிர் திரும்பவில்லை.

அரிச்சந்திரன் மயான காண்டத்தில், காசி மன்னனின் மகனைக் கொன்றாள் என்னும் பொய்ப்பழி சந்திரமதி மீது விழுகிறது. அவளை வெட்டும் பணி, சுடலை காக்கும் கணவனுக்கே வாய்க்கிறது. ஓங்கிய வாள் அவள் கழுத்தில் மாலையாகிறது. இங்கே உயிரைக் காத்தது விசாரணையன்று, தெய்வச் செயல்.

தெய்வச் செயலை எதிர்பாராத நம் சட்டம், அதனிடத்தில் மேல்முறையீட்டை வைத்திருக்கிறது. நெமிலிச்சேரிக்கு அண்மையிலுள்ள பூந்தமல்லியின் தனி நீதிமன்றம், இராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்தினின்று விடுவித்தது. நால்வருக்கே தூக்கை உறுதி செய்தது. அந்நால்வரின் தண்டனையும் பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

மேல்முறையீடும் பிழைபடலாம். மகாராட்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2009இல் அறுவருக்குத் தூக்கே தக்கதெனத் தீர்ப்பளித்தது. மறு ஆய்வின் பின் 2019இல் அதே மன்றம் அறுவரையும் குற்றமற்றவர் என விடுவித்து, இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. இடைப்பட்ட காலத்தில் தண்டனை நிறைவேறியிருந்தால், அந்த விடுதலையைக் கேட்க எவரும் இருந்திருக்கமாட்டார்.

சிறைவாசத்தில் கழிந்த ஆண்டுகளுக்கு இழப்பீடாவது உண்டு. உயிருக்கு ஈடு யாது? காவலர் நெஞ்சில் எழுந்த அந்த ஒரு கண ஐயத்திற்கு மதிப்பளித்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான், மதுரையும் பிழைத்திருக்கும். அந்த ஐயத்தை அவையோர் நெஞ்சில் தலைமுறை தோறும் எழுப்புவதே இந்நாடகங்கள் ஆற்றும் அறப்பணியாகும்.