வைத்தியக் கலாசாலை வாத்திமார் – 14: கயிறு ஏறிய பையனும் எழும்பூர்ப் பேராசிரியரும்

1835ஆம் வருஷத்தில் மதராஸ் வைத்தியக் கலாசாலை பிறந்த கதையைச் சென்ற வாரம் முடித்தேன்; இந்த வாரம் பாளையங்கோட்டை ஐகிரவுண்டுக் கலாசாலைக்கு வருவதாக வாக்களித்தேன். படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும், படியாதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும்.

கொற்கையிலிருந்து பஸ் பிடிக்க ஏரலுக்கு வந்த என்னை ஓர் அன்பர் வழிமறித்து, "அண்ணாச்சி, நம்ம ஐகிரவுண்டு எப்ப வரும்? மெட்ராசுலயே நிக்கியளே!" என்று உரிமையோடு கடிந்துகொண்டார். "இந்த வாரம் வந்துரும்வே" என்று சொல்லித்தான் பஸ் ஏறினேன். சொன்னபோது உண்மையாகவே அந்த எண்ணம் இருந்தது.

வைத்தியக் கலாசாலைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகளை எடுத்துவைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை திறப்பு விழாக்களாகவே இருப்பதைக் காணலாம். 2019ஆம் வருஷம் ஜனவரி 27ஆம் தேதி மதுரையில் பிரதம மந்திரி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டி, அதே மேடையிலிருந்து மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி ஆகிய மூன்று கலாசாலைகளின் உயர்சிறப்புச் சிகிச்சைக் கட்டடங்களையும் திறந்துவைத்தார். 2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. இவையெல்லாம் சந்தோஷமான செய்திகளே. ஆனால் விழாப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போன மறுநாள் அங்கே என்ன நடந்தது, அந்த வார்டுக்குள் முதலில் நுழைந்த நோயாளி ஆறு மாதங்களுக்குப் பிறகு எப்படி இருக்கிறார் என்ற விஷயம் மட்டும் எந்தப் பத்திரிகையிலும் அகப்படுவதில்லை. ஆரம்பத்திலிருந்தே இந்தத் தொடரோடு வருகிறவர்கள் அறிவார்கள், எனக்குப் பிடித்த பைத்தியம் இந்த மறுநாள்தான் என்று.

பாளையங்கோட்டைக்குப் போகும் வழியில், நம் சீமையில் பிறந்த ஒரு கலாசாலை ஆசிரியரைத் தரிசித்துவிட்டுப் போகலாமென்று டாக்டர் கோ. வெங்கடசாமியை எடுத்துக்கொண்டேன். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில், அக்காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த வடமலாபுரத்தில் 1918ஆம் வருஷம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவர் கண் வைத்தியம் பயின்றது எழும்பூர் அரசினர் கண் ஆஸ்பத்திரியில். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரி தோன்றிய 1805ஆம் வருஷத்துக்குப் பதினான்கே ஆண்டுகள் பின்னதாக, 1819இல் தொடங்கிய ஸ்தாபனம் அது. அங்கே ஒரு கண் மருத்துவப் பள்ளியும் காட்சிச்சாலையும் எலியட் என்ற ஒரு துரையின் பெயரைத் தாங்கி நின்றன. யார் இந்த எலியட் என்று ஒரு கணம் எட்டிப் பார்த்தேன்; அத்துடன் என் வாரம் போயிற்று.

ராபர்ட் ஹென்றி எலியட் (1864–1936) இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த ராணுவ டாக்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பூர் ஆஸ்பத்திரியின் தலைவராகவும், மதராஸ் வைத்தியக் கலாசாலையில் நேத்திர வைத்தியப் பேராசிரியராகவும் இருந்தவர். அதற்கு முன்பே நம் கடற்கரைக்கு அவர் பரிச்சயமானவர்தான் என்று நான் பெருமை பாராட்டிக்கொள்ள ஒரு காரணம் உண்டு: வலைகடியன் என்னும் கடற்பாம்பின் விஷம் உடம்பில் என்ன செய்கிறது என்பதை எடின்பரோவின் பேராசிரியர் ஃப்ரேஸரோடு சேர்ந்து ஆராய்ந்து, லண்டன் ராயல் சொஸைட்டியின் ஏட்டில் வெளியிட்டவர் அவர். மன்னார் வளைகுடாவில் வலை இழுப்பவர்கள் அந்த ஜந்துவை எவ்வளவு ஜாக்கிரதையாக வலையிலிருந்து உதறுகிறார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆராய்ச்சியின் அருமை புரியும்.

கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. ஊறுகிற அளவுக்கு அது வடியவும் வேண்டும். வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு மெல்ல மெல்லச் செத்துப்போகிறது. இதுதான் கிளாக்கோமா. வலியோடு திடீரென்று வரும் வகைக்கு ஐரோப்பாவில் ஓர் ஆபரேஷன் இருந்தது. சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் பார்வையைத் தின்னும் வகைக்குச் சரியான உபாயம் இல்லை. விழியின் வெள்ளையும் கருவிழியும் சந்திக்கும் ஓரத்தில், இளநீரைச் சீவித் துளையிடுவதுபோல, ஒரு சின்ன வட்டத் துளையை வெட்டி நீருக்கு வழி செய்யும் முறையை 1909இல் எலியட் எழும்பூரிலிருந்து பிரசித்தப்படுத்தினார். கிளாஸ்கோவின் ஃபெர்கஸ் என்பவரும் அதே வருஷம் அதே வழியில் சிந்தித்தார். ஆனாலும் உலகம் அதை எலியட் ஆபரேஷன் என்றே வழங்கியது. 1968இல் கேம்பிரிட்ஜின் கேர்ன்ஸ் வேறு முறையைச் சொல்லும் வரை, எழும்பூர்த் துளை உலகத்து டாக்டர்களின் கையில் நெடுங்காலம் புழங்கிற்று.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நானும் ஐகிரவுண்டு போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் எலியட்டின் இன்னொரு புஸ்தகம், ஊர் ஊராகச் சஞ்சாரம் செய்த நாட்டுக் கண் வைத்தியர்களைப் பற்றியது. புரை விழுந்த லென்ஸை வெளியே எடுக்காமல், கூரிய கருவியைக் கண்ணுக்குள் செலுத்தி அதைப் பின்பக்கமாகத் தள்ளிவிடுவது அவர்களுடைய முறை. சுசுருதர் காலத்திலிருந்து வருகிற பழைய சாஸ்திரம்தான். தள்ளிய மாத்திரத்தில் திரை விலகி வெளிச்சம் பாய்கிறது. வைத்தியர் தம் விரல்களை விரித்துக் காட்ட, கிழவர் எண்ணிச் சொல்கிறார். கூடியிருந்த சனம் ஆரவாரம் செய்கிறது. தட்சிணையை வாங்கிக்கொண்டு வைத்தியர் அடுத்த ஊருக்கு நடையைக் கட்டிவிடுகிறார். சீழ் வைப்பதும், அழுத்தம் ஏறுவதும், இருந்த மங்கல் வெளிச்சமும் அணைவதும் அவர் போன பிறகு நடப்பவை. அந்தக் கண்கள் கடைசியில் எழும்பூருக்கு வந்தன. எலியட் அவற்றைப் பொறுமையோடு சேகரித்து, அறுத்துப் பார்த்து, உள்ளே நேர்ந்தது என்னவென்று எழுதிவைத்தார். சந்தையில் கை தட்டிய ஜனங்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் முதல் நாளை மட்டும் பார்த்தவர்கள்.

ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற இந்தக் கண் டாக்டர் அங்கே என்ன செய்தார் என்பதுதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் அடித்த சமாசாரம். லண்டனில் மாஜிக் சர்க்கிள் என்று செப்பிடுவித்தைக்காரர்களின் சங்கம் ஒன்று உண்டு. அமானுஷ்யம் என்று சொல்லப்படுபவற்றை விசாரிப்பதற்காக அது அமைத்த குழுவுக்கு எலியட் தலைவரானார். கயிற்றை ஆகாயத்தில் வீச, அது விறைத்து நிற்க, ஒரு பையன் அதில் ஏறி மறைகிறான் என்ற இந்தியக் கயிற்று வித்தையைக் கண்ணால் கண்டதாக எத்தனையோ வெள்ளைக்காரர்கள் சத்தியம் செய்துவந்தார்கள். 1934இல் அந்தக் குழு, திறந்த வெளியில் இதைச் செய்து காட்டுபவருக்கு 500 கினி, அதாவது 525 பவுன், வெகுமதி என்று அறிவித்தது. அதே வருஷம் எலியட் ‘தி மித் ஆஃப் தி மிஸ்டிக் ஈஸ்ட்’ என்ற நூலையும் வெளியிட்டார். கராச்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட ஓர் ஆங்கிலேய வித்தைக்காரர் 1935இல் ஒரு வயல்வெளியில் கயிற்றைச் சிறிது எழுப்பி, பையனையும் ஏற்றிக் காட்டி, பணத்தைக் கேட்டார். பையன் ஏறினானே தவிர மறையவில்லை. பணம் கொடுக்கப்படவில்லை.

இந்த வித்தையைப் பரப்பியதில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்குப் பெரும் பங்குண்டு. 1890இல் சிகாகோ டிரிபியூனில் இதைக் கண்ணாரக் கண்டதாக ஒரு கட்டுரை வந்தது. சில மாதங்கள் கழித்து, அது கற்பனை என்று அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. மறுப்பைப் படித்தவர்கள் சிலர். கட்டுரையை நம்பியவர்களோ உலகம் முழுவதும். எழுதிய வில்கி என்பவர் பிற்பாடு அமெரிக்க ரகசிய போலீஸ் இலாகாவுக்கே தலைவரானார்! தொடர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் பொறாமை இல்லை என்று சொல்லமாட்டேன்.

எலியட்டைப் பற்றி என் அபிப்பிராயம் முழுவதும் புகழ்ச்சியன்று. கீழ்நாட்டு அற்புதங்களைத் தோலுரித்த அவருடைய பேனாவில், நம் ஜனங்களை எளிதில் ஏமாறுகிறவர்களாக எண்ணும் துரைத்தனத்தின் வாடையும் அடிக்கிறது. சிகாகோவில் ஏமாந்தவர்கள் யார் என்பதை அவர் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆயினும், கண்ணை அறுத்த கையும் கயிற்றைச் சோதித்த கையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: கூட்டம் கலைந்த பிறகு மிச்சம் இருப்பது என்ன?

அந்தக் கேள்விக்கு நேரான விடையாக எனக்குத் தோன்றுபவர் வெங்கடசாமியே. ஸ்டான்லி வைத்தியக் கலாசாலையில் 1944இல் பட்டம் பெற்று, ராணுவத்தில் சேர்ந்து, மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொள்ள, படுத்த படுக்கையாகக் கிடந்து மீண்டவர். பிரசவ வைத்தியராக வேண்டுமென்ற ஆசையைக் கைவிட்டுக் கண்ணுக்கு வந்தார். முறுக்கிய விரல்களுக்குப் பொருந்தும் கருவிகளைத் தாமே வகுத்துக்கொண்டார். 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுக்குத் தலைவராகி, இருபது வருஷம் அங்கேயே பாடம் சொன்னார். வாழ்நாளில் அவர் செய்த ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

கல்லூரியிலிருந்து மாணாக்கர்களையும் செவிலியர்களையும் கூட்டிக்கொண்டு அவர் கிராமங்களில் முகாம் நடத்தினார் என்பது எல்லோரும் அறிந்ததே. என் பைத்தியத்துக்கு இரை அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் காலத்தில் புரையை எடுத்தால் லென்ஸும் போய்விடும். மாற்றாகக் கிடைப்பது சோடாபுட்டிக் கண்ணாடி. வயலில் குனிந்து நாற்று நடுகிற பாட்டியின் மூக்கில் அது எத்தனை நாள் நிற்கும்? கண்ணாடி உடைந்த அன்றே பாட்டி மறுபடியும் பார்வையற்றவள். ஆனால் முகாம் கணக்கிலோ வெற்றி. 1976இல் ஓய்வு பெற்று, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர், கண்ணுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸை உள்நாட்டில் மலிவாகச் செய்ய 1992இல் ஆரோலேப் ஏற்பட்டபோது முன்னின்றதற்கு இந்த உடைந்த கண்ணாடிகளைவிட வலிய காரணம் வேண்டியதில்லை. திருநெல்வேலிக்கு அந்த ஆஸ்பத்திரி 1988இலேயே வந்துவிட்டது. கொற்கையிலும் உமரிக்காட்டிலும் பச்சைத் துணி கட்டிய கண்ணோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

ஏரல் அன்பர் இதற்குள் கோபித்திருப்பார். அடுத்த வாரம் நிச்சயமாகப் பாளையங்கோட்டை. 1964இல் அங்கே சித்த மருத்துவக் கல்லூரி, மறு வருஷமே ஐகிரவுண்டில் ஆங்கில மருத்துவக் கல்லூரி என்று, இரண்டு சாஸ்திரங்களும் ஒரே ஊரில் அடுத்தடுத்துக் குடியேறியதைத்தான் எழுதப்போகிறேன். 1890இலேயே அந்த ஊரில் பார்வையற்றோருக்குப் பள்ளி வைத்த ஆஸ்க்வித் அம்மையாரிடம் மட்டும் அரைப் பக்கம் நிற்க ஆசிரியர் அனுமதிக்கவேண்டும்.

(தொடரும்)