இது அப்பாவோட பி.எஃப் இல்லீங்க!

போன லீவுக்கு ஹாஸ்டல்லேர்ந்து வீட்டுக்குப் போனா, அம்மா செம டென்ஷன். கரன்ட் போயிட்டு வந்ததும் வாஷிங்மெஷின்ல 'பி.எஃப்'னு எழுத்து வந்து நின்னிருக்கு. "புராவிடன்ட் ஃபண்டுக்கும் துணி துவைக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?"னு அப்பா ஜோக் வேற!

வந்த மெக்கானிக் ஒரே ஒரு பட்டனை அழுத்திட்டு, 350 ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டார். "நீ என்ஜினீயரிங்தானேடா படிக்கிறே?"னு அம்மா கேட்டப்போ... ம்ஹூம், பேச்சே வரலை!

ரோஷத்துல மேனுவலைப் புரட்டினேன். பி.எஃப்னா 'பவர் ஃபெயிலியர்'. அது ரிப்பேர் இல்லை, வெறும் தகவல்! பாதியில கரன்ட் போனா, எங்கே நின்னோம்னு மெஷின் தன் மெமரியில குறிச்சு வெச்சுக்கும். கரன்ட் வந்ததும் ஸ்டார்ட் பட்டனைத் தட்டினா, விட்ட இடத்துலேர்ந்து ஓடும். ஆனா, கம்பெனிக்கு கம்பெனி கோடு மாறும். அதனால உங்க வீட்டு மேனுவலைப் பார்த்துக்குங்க.

உஷாரா இருக்க வேண்டிய இடமும் உண்டு. ஃபேன், லைட் எல்லாம் ஓடுது. மெஷின் மட்டும் அடிக்கடி பி.எஃப் காட்டுதா? பிளக் லூஸா இருக்கலாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொதப்பலாம். ஹீட்டர் வெச்ச மெஷினை 16 ஆம்பியர் சாக்கெட்டுலதான் நேரடியா மாட்டணும். பிளக் சுட்டாலோ, கருகின வாசனை வந்தாலோ ஸ்டார்ட்டைத் தொடாதீங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அந்தச் செலவு தண்டம் இல்லை!

பழைய பேப்பர்காரருக்குப் போக இருந்த அந்த மேனுவல், இப்போ பீரோவுல பத்திரமா இருக்கு... அப்பாவோட பி.எஃப் பேப்பர் பக்கத்துலேயே!