காலத்தை வெல்லுமா ஒளித்தட்டு?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

காஞ்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கோயிலும் பட்டும். கைலாசநாதர் கோயிலில் இராசசிம்ம பல்லவன் பொறித்த பட்டப்பெயர்களை ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்க முடிகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. எழுத்து அறிந்தவன் கண்ணிருந்தால் போதும், அவற்றைப் படித்துவிடலாம். ஆனால் அதே ஊரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த திருமண வீடியோவை இன்று பார்க்க இயலாமல் பல குடும்பங்கள் தவிக்கின்றன. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்ன? ஆயிரம் ஆண்டு நிலைக்கும் என்று விற்கப்படும் ஒளித்தட்டுகள் இதற்குத் தீர்வாகுமா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேசட்டின் கதை

வீடுகளில் பெரிதும் புழங்கிய வி.எச்.எஸ். கேசட்டை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வெளியிட்டது. மெல்லிய பாலியெஸ்டர் நாடாவின்மேல் காந்தத் துகள்கள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அத்துகள்களின் காந்த நிலையே படமும் ஒலியும் ஆகும். ஈரக்காற்றில் பசை நீரை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், பூஞ்சை படரும். ஐப்பசி, கார்த்திகை மழையை இருபது முறை கண்ட கேசட்டைத் திறந்து பார்த்தால் வெண்மையாகப் பூத்திருப்பதைக் காணலாம். நாடா பிழைத்தாலும் அதை ஓட்டும் ‘டெக்’ வேண்டும். உலகில் கடைசியாக அதைத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

எங்கள் இல்லத் திருமணக் கேசட் ஒன்றில், வீடியோ எடுத்தவர் சில நிமிடங்கள் என் தாத்தாவைத் தறியில் படம் பிடித்திருக்கிறார். சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில், மூன்று நாடா போட்டு நெய்து இணைக்கும் கோர்வை வேலை அது. கரைப் பக்கம் நின்று நாடா தள்ளும் என் தந்தைக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் குரலும் கேட்கிறது. தாத்தா இன்று இல்லை. அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அந்தக் கேசட்டை நான் பள்ளியில் படித்தபோது சிடியில் மாற்றினார்கள். இன்று அந்தச் சிடி பாதி ஓடி நின்றுவிடுகிறது. மூலக் கேசட்டிலிருந்து மறுபடி எடுக்க, ஓடும் டெக் ஒன்றைத் தேடவே மூன்று மாதம் ஆயிற்று.

ஜக்கார்டு அட்டையும் ஒளித்தட்டும்

சிடி ஏன் கெடுகிறது? இதனை விளக்க நம் ஊர்த் தறியே போதும். 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு ஜோசப் மாரி ஜக்கார்டு உருவாக்கிய கருவி இன்றும் நம் தறிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், பாவு இழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் இழை எழாது. துளை உண்டு, இல்லை என்னும் இரண்டே குறிகளால் அன்னமும் மயிலும் சேலையில் மலர்கின்றன. ஒளித்தட்டும் இவ்வகையினதே. அட்டைக்குப் பதில் நுண்ணிய சுருள் தடம். ஊசிக்குப் பதில் லேசர் கதிர். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர். புளூ-ரே தட்டுக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர்.

கடையில் விற்ற சினிமாத் தட்டுகளில் குழிகள் அச்சால் அழுத்தப்பட்டவை. நாம் எழுதிக்கொள்ளும் சிடியிலும் டிவிடியிலும் குழி கிடையாது, சாயம் உண்டு. லேசரின் வெப்பத்தால் சாயம் அங்கங்கே மாறுகிறது, அவ்வளவே. சாயமிட்ட பட்டு இழையை நிழலில் உலர்த்துவது ஏன் என்று நம் தெருவில் சிறு பிள்ளையும் சொல்லும். வெயிலும் வெப்பமும் பட்டால் சாயம் வெளுக்கும். தட்டிலுள்ள கரிமச் சாயத்துக்கும் அதே கதிதான். சாயத்துக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பப் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு இருக்கும். சரிகையில் பொன் முலாம் தேய்ந்தால் வெள்ளி கறுப்பதைக் காண்கிறோமல்லவா? தட்டிலும் வெள்ளி கறுக்கக்கூடும். ஆதலால்தான் காப்பகங்களுக்கென்று பொற்பூச்சுத் தட்டுகளும் வந்தன.

ஆயிரம் ஆண்டுத் தட்டு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தோன்றிய மில்லெனியாட்டா நிறுவனம் ‘எம்-டிஸ்க்’ என்னும் தட்டைக் கொண்டுவந்தது. இதில் சாயத்துக்குப் பதில் பாறை போன்ற கனிம அடுக்கு உள்ளது. லேசர் அதில் நிலையான தழும்பை உண்டாக்குகிறது. ஏறத்தாழக் கல்வெட்டு முறை எனலாம். எம்-டிஸ்க் டிவிடியில் எழுத ஆற்றல் மிகுந்த லேசர் உடைய கருவி வேண்டும். படிக்கச் சாதாரணக் கருவியே போதும்.

ஆயிரம் ஆண்டு என்பதை எவர் காத்திருந்து கண்டார்? தட்டைக் கடும் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நாட்கள் வைத்து, அது கெடும் வேகத்தைக் கொண்டு சாதாரண நிலையில் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்கிடுகிறார்கள். 2009இல் அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆய்வுக்கூடத்தில் 85 டிகிரி வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம், கடும் ஒளி ஆகியவற்றில் வைத்துச் சோதித்தபோது எம்-டிஸ்க் தாங்கி நின்றது. ஆனால் 2012இல் பிரான்சு நாட்டின் தேசியச் சோதனைக்கூடம் 90 டிகிரியில் சோதித்து, அது சாதாரண டிவிடிகளைவிட நீண்ட நாள் நிலைக்கவில்லை என்று அறிவித்தது. தட்டு என்பது எழுதும் அடுக்கு மட்டுமன்று; பிளாஸ்டிக்கும் பசையும் சேர்ந்ததே தட்டு.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. மில்லெனியாட்டா நிறுவனமே 2016இல் நொடித்துப் போயிற்று. எழுதத்தக்க புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியைச் சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தட்டு செருகும் வாயே இல்லை. தட்டு ஆயிரம் ஆண்டு இருந்து, படிக்கும் கருவி இருபது ஆண்டில் மறைந்தால் பயன் என்ன?

முன்னோர் கண்ட வழி

பனையோலை சில நூற்றாண்டுகளில் செல்லரித்துப் போகும். ஆயினும் சங்க இலக்கியம் ஈராயிரம் ஆண்டு கடந்து நம்மிடம் வந்தது. தலைமுறைதோறும் எவரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார். ஓலையின் வலிமையால் பிழைத்ததைவிடப் படி எடுத்தவரின் அக்கறையால் பிழைத்ததே மிகுதி.

படி எடுக்காததன் விளைவையும் தமிழகம் கண்டிருக்கிறது. நடராச முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமான ‘கீசகவதம்’ இன்று இல்லை. 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்துக்கும் ஒரு பிரதிகூட இல்லை. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல்தான் தோன்றியது. திரையரங்குகளில் ஓடிய படங்களுக்கே இந்நிலை என்றால், ஒரே கேசட்டில் அடங்கிய வீட்டு நினைவுகளின் நிலை என்னவாகும்?

செய்யத்தக்கவை

1. கேசட்டை முதலில் மாற்றுங்கள். டெக்குகளும் அவற்றைப் பழுது பார்ப்போரும் ஆண்டுதோறும் குறைகிறார்கள். பூஞ்சை இருந்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டா; நாடாவும் கருவியும் இரண்டும் கெடும்.

2. எம்பி-4 போன்ற, பலரும் பயன்படுத்தும் கோப்பு முறையில் சேமியுங்கள்.

3. மூன்று படிகள் வேண்டும். ஒன்று ஹார்டு டிஸ்கில், ஒன்று கனிம அடுக்குத் தட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில். 4.7 ஜிகாபைட் டிவிடியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படம் கொள்ளும். 25 ஜிகாபைட் புளூ-ரே தட்டு அதுபோல் ஐந்து டிவிடிகளுக்குச் சமம்.

4. தட்டைப் பெட்டியில் நிமிர்த்தி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். பீரோவில் அந்துருண்டையுடன் வைக்க வேண்டா.

5. படத்தில் இருப்போர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பெயர் தெரியாத முகம் பேரனுக்கு அயலார் முகமே.

6. ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுதபூசை நாளில் தறிக்குப் பொட்டிடும்போதே, எல்லாப் படிகளையும் ஓட்டிப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றுங்கள்.

முடிவுரை

நெசவாளர் வீடுகளில் புத்தகமோ நாட்குறிப்போ எழுதி வைத்தவர் மிகச் சிலரே. கோர்வைத் தறியில் இருவர் கை ஒத்து இயங்கும் நுட்பத்தை எந்தப் பாடநூலும் முழுமையாகச் சொல்லவில்லை. அது தற்செயலாகப் பதிந்திருப்பது இத்தகைய திருமணக் கேசட்டுகளில்தான். அரசர்கள் தம் பெயரைக் கல்லில் வெட்டுவித்தார்கள். தறியில் அமர்ந்தவர்களுக்கு அத்தகைய கல் கிடைக்கவில்லை. நல்ல தட்டை வாங்குவோம். ஆனால் தட்டை மட்டும் நம்பாமல், படி எடுக்கும் பொறுப்பைப் படித்த பிள்ளைகளாகிய நாம் ஏற்போம். விடுமுறைக்கு வீடு செல்லும் நண்பர்கள் பீரோவின் அடித்தட்டைத் திறந்து, அங்கே எத்தனை கேசட் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பார்களாக.