வரைகூறும் உழைப்பும்: கணினி வரைபடத்தில் மீளப் பயன்படும் உறுப்புகள்

கலைப்படைப்பொன்றை முழுமையாக நோக்குவோர், அதன் உறுப்புகள் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுவதைப் பெரும்பாலும் கருத்திற் கொள்வதில்லை. தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றி 1968இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில், பாணர் மரபுவழி வந்த வாய்பாட்டுத் தொடர்களைக் கொண்டே பாடல்களைக் கட்டினர் என்பதைப் பேராசிரியர் க. கைலாசபதி விளக்கினார். பொருளாக்கத் துறையிலும் இம்முறைமை உண்டு. பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் இன்று கையாளும் கணினி வரைவு மென்பொருள்களில் அது மீளப் பயன்படும் வரைகூறாக அமைகின்றது. இவ்வரைகூறு எவ்வாறு ஆக்கப்படுகின்றது, அதில் உறைந்துள்ள உழைப்பு யாருடையது என்னும் இரு வினாக்களும் ஒருங்கே ஆராயப்பட வேண்டியவை.

கண்டிக்கு அண்மையில், உடுநுவரையிலுள்ள எம்பெக்கே தேவாலயம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கதிர்காமக் கடவுளுக்குரிய இக்கோயில் 14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில் எழுந்தது. இதன் மேளமண்டப மரத்தூண்களில் பின்னிய அன்னங்கள், இருதலைப்புள், மல்லர், ஆடல் மகளிர் எனப் பல உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உருவங்கள் வேறுபடினும், தாமரை இதழும் பூங்கொடியும் போன்ற அணிக்கூறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிங்களக் கைவினைஞர் இதழ் வரிசையைப் ‘பலாபெத்தி’ என்றும், கொடியை ‘லியவெல’ என்றும் வழங்குவர். பெயர் பெற்ற கூறே மீளப் பயன்படும் கூறாகும்.

கணினித் துறையில் இக்கருத்தை முதலில் செயற்படுத்திக் காட்டியவர் ஐவன் சதர்லாண்ட். 1963இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற்கு அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வில் அவர் ‘ஸ்கெச்பாட்’ என்னும் வரைவு முறையை உருவாக்கினார். அதில் மூலவரைவு ஒன்று. அதன் படிகள் பல. மூலத்தைத் திருத்தினால் படிகள் யாவும் திருந்தும். 1982இல் வெளிவந்த ஓட்டோகாட் முதலாக இன்றுவரையுள்ள மென்பொருள்கள் பலவும் இவ்வடிப்படையையே கையாளுகின்றன.

பலாபெத்தி இதழொன்றை வரைகூறாக்கும் முறையை நோக்குவோம். முதலில் இதழின் ஒரு பாதியை மட்டும் வரைந்து, நடுக்கோட்டின் மறுபுறம் பிரதிபலிக்கச் செய்தல் வேண்டும். அடுத்து, கோடுகளிடையே உறவுகளை விதித்தல் வேண்டும்: இரு பாதிகளும் சமச்சீரானவை, அடிக்கோடு கிடையானது, வளைவுகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்பவை. மூன்றாவதாக, அகலம், உயரம் ஆகிய அளவுகளுக்குப் பெயரிடுதல் வேண்டும். பின்னர், இதழை வேறொரு வரைபடத்தில் வைக்கும்போது எந்தப் புள்ளி பற்றுக்கோடாகும் என்பதைக் குறித்து, கூறுக்கு ஒரு பெயரளித்துச் சேமித்தல் வேண்டும். பற்றுப்புள்ளி இதழின் அடிமூலையில் அமையின் வரிசை ஒழுங்காகப் பொருந்தும். படியொன்றைத் தனிக்கோடுகளாக உடைத்துவிட்டால் அது மூலத்துடனான தொடர்பை இழந்துவிடும்.

உறவுகளை விதிப்பதன் இன்றியமையாமையைச் சிறு கணக்கொன்று புலப்படுத்தும். 2400 மில்லிமீற்றர் நீளமுள்ள உத்தரத்தில் 120 மில்லிமீற்றர் அகலமான இதழ்கள் 20 பொருந்தும். உத்தரம் 2700 ஆக நீளுமாயின், நிலைத்த அகலமுடைய இதழ்கள் இருபத்திரண்டரை ஆகும். ஓரத்தில் இதழ் பாதியாக அறுபடும். கைவினைஞன் இதனை ஒருபோதும் ஏற்கான். அவன் கண்ணளவால் அகலத்தைச் சிறிது கூட்டுவான், அல்லது எண்ணிக்கையை மாற்றுவான். ‘அகலம் என்பது நீளத்தை எண்ணிக்கையால் வகுத்தது’ என வரைகூறில் எழுதிவிட்டால், 20 இதழ்களும் 135 மில்லிமீற்றராக விரிந்து பொருந்தும். ஆகவே, சிறந்த வரைகூறு வடிவத்தை மட்டுமன்றி, வடிவத்தைத் தீர்மானிக்கும் முடிவையும் சேமிக்கின்றது. அம்முடிவோ தலைமுறை தலைமுறையாகத் தொழிலாற் பெற்ற அறிவு.

மார்க்ஸ் இயந்திரத்தை உறைந்துபோன கடந்தகால உழைப்பாகக் கண்டார். வரைகூறும் அத்தகையதே. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல், கண்டிக் கைவினைஞரின் கலையை அவர்தம் நிலமானிய சேவை வாழ்க்கையோடு இணைத்துக் காட்டியது. சோசலிசவாதியான வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அந்நூல் அச்சேறியமை குறிப்பிடத்தக்கது. எனினும், அப்பழைய சமூகத்தைப் பொற்காலமாகப் போற்றுதல் பொருந்தாது. அங்கு அணிக்கூறு பொதுவுடைமையாக இருந்தது. கைவினைஞனோ சாதியாலும் சேவைக் கடப்பாட்டாலும் பிணிக்கப்பட்டிருந்தான். இன்று நிலைமை தலைகீழாக மாறக்கூடும்: கைவினைஞன் சட்டப்படி சுதந்திரன்; அவனது அணிக்கூறு வேறொருவரின் மூடிய கோப்பினுள் அடைபட்டிருக்கும்.

இவ்வபாயம் கற்பனையன்று. மரபு வடிவமொன்றை அளந்து வரைகூறாக்குபவர் அதனை விலைப்பொருளாக்கலாம். வடிவத்தைக் காத்துவந்த கிராமத்திற்கு அதில் பங்கேதும் இல்லாமற் போகலாம். தும்பறைப் பாய் நெசவுக் கைவினை 2021இல் யுனெஸ்கோவின் அருவ மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்கின் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. ஆயினும், பட்டியலும் சட்டமும் மட்டும் போதுமானவையல்ல. வரைகூறுகளே பொதுவுடைமையாக வேண்டும்.

இப்பணிக்குப் பேராதனை பொருத்தமான களமாகும். பொறியியற் பீடமும் கலைப்பீடமும் ஒரே வளாகத்தில் உள்ளன; எம்பெக்கேயும் தும்பறையும் தொலைவில் இல்லை. பிறீகாட் போன்ற கட்டற்ற மென்பொருளில், எவரும் திறக்கத்தக்க கோப்புகளாக, கண்டி அணிக்கூறுகளின் தொகுப்பொன்றை மாணவர் ஆக்கலாம். ஒவ்வொரு கூறுக்கும் கைவினைஞர் வழங்கும் பெயரே பெயராகுக. அளவுறவுகள் அவர்களிடம் கேட்டறிந்து எழுதப்படுக. அவர்தம் ஊரும் மரபும் கோப்பிலேயே பதிவு பெறுக. அதனால் வரும் பயனில் அவர்களுக்கும் பங்கு உறுதியாகுக. உழைத்தவரின் அறிவை அவரிடமிருந்து பிரித்தெடுக்கும் கருவியாகவும், அதனைப் பலர்க்கும் உரியதாக்கும் கருவியாகவும் கணினி அமையலாம். எவ்வாறு அமையும் என்பதைத் தீர்மானிப்பது மென்பொருளன்று. அதனைக் கையாளும் சமூகவுறவுகளே.