கோப்புக்குள் குடியேறும் வைரஸ்

மேல்நிலை முதலாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. ஆய்வகத்தில் ஒரு மாணவி, "சார், இது நான் எழுதினதே இல்லை" என்று தன் எச்டிஎம்எல் கோப்பைக் காட்டினாள். வகுப்புக் கால அட்டவணையை வடிவமைக்கும் சிறு பயிற்சி அது. இரண்டு கிலோபைட்டைத் தாண்டக்கூடாத கோப்பு நூறு கிலோபைட்டுக்கு மேல் இருந்தது. நோட்பேடில் திறந்தால், கடைசி மூடும் ஒட்டுக்குக் கீழே விபிஸ்கிரிப்டில் ஒரு நிரல். அதில் எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்புப் பெயர். அதன்பின் 4டி5ஏ90 என்று தொடங்கி, பக்கம் பக்கமாக எண்ணும் எழுத்துமாக ஒரே சரம்.

அந்த 4டி5ஏ-தான் துப்பு. பதினாறடிமான எண்ணில் 4டி என்பது எம், 5ஏ என்பது இசட். விண்டோஸில் இயங்கும் ஒவ்வொரு எக்ஸி கோப்பும் இந்த இரண்டு எழுத்துகளில்தான் தொடங்கும். டாஸ் காலத்தில் அந்த வடிவத்தை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை. அதாவது, ஒரு முழு எக்ஸி கோப்பு எழுத்துருவில் அந்த வலைப்பக்கத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறந்ததும் அது தற்காலிகக் கோப்புறையில் எழுதப்பட்டு இயங்கத் தொடங்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள் விபிஸ்கிரிப்டை இயக்குவதில்லை. எங்கள் பழைய கணினிகளில் இரட்டைச் சொடுக்கினால் திறப்பதோ எக்ஸ்புளோரர்.

இதன் பெயர் ராம்நிட். 2010-இல் வெளிப்பட்டது. 2015 பிப்ரவரியில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் இதன் கட்டுப்பாட்டுக் கணினிகளை முடக்கியபோது, உலகெங்கும் 32 லட்சம் கணினிகளில் இது தொற்றியிருந்ததாக அறிவித்தது. முடக்கியது தலைமையகத்தைத்தான், பென்டிரைவ்களில் கிடந்த பிரதிகள் அப்படியேதான் கிடந்தன.

நாம் வைரஸ் என்று பொதுவாகச் சொல்பவற்றில் பல தனிக் கோப்புகளாக வந்து உட்காருபவை. அந்தக் கோப்பையும், அது தானே தொடங்க வைத்திருக்கும் வழியையும் நீக்கினால் முடிந்தது. ராம்நிட் போன்றவை அப்படியல்ல. நம்முடைய எக்ஸி, டிஎல்எல், எச்டிஎம்எல் கோப்புகளுக்குள்ளேயே தம்மை எழுதிக்கொள்கின்றன. நோயாளிதான் கிருமியைச் சுமப்பவரும். சுத்தம் செய்த கணினியில் தொற்றுள்ள ஒரே ஒரு நிரலை இயக்கினாலும் கதை முதலிலிருந்து தொடங்கிவிடும்.

இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். முதலில் பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்தோம். அவர் சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினார். டி டிரைவில் வைத்திருந்த நிறுவல் கோப்புகளையே மீண்டும் இயக்கினார். இரண்டே நாளில் எல்லாம் பழையபடி. டி டிரைவில் இருந்த கோப்புகள் அத்தனையிலும் தொற்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அடையாளம் காண விலையுயர்ந்த கருவி வேண்டாம். கோப்பின் நீட்சிப் பெயர் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரலை இயக்கியதும் அதன் பெயரோடு எஸ்ஆர்வி சேர்ந்த இன்னொரு எக்ஸி பக்கத்தில் முளைத்தால் சந்தேகப்படுங்கள். நிரல் கோப்புகள் உள்ள இடத்தில் மைக்ரோசாஃப்ட் என்ற கோப்புறைக்குள் டெஸ்க்டாப்லேயர் என்று ஒன்று இருந்தால் ஏறக்குறைய உறுதி. பென்டிரைவில் ரீசைக்ளர் கோப்புறையும் ஆட்டோரன் கோப்பும் மறைந்திருக்கும். எனக்கு அதிகம் உதவியது அளவை ஒப்பிடுவதுதான்: அலுவலக அலமாரியில் இருந்த குறுவட்டின் மூலப் பிரதியையும் கணினியில் இருந்த பிரதியையும் பைட் அளவில் பார்த்தேன். பெருத்திருந்தது.

நீக்கும்போது வரிசை முக்கியம். முதலில் எல்லாக் கணினிகளின் இணைய, வலையமைப்பு வடங்களையும் கழற்றினோம். பிறகு, பாஸ் லினக்ஸ் இருந்த மடிக்கணினியில் பென்டிரைவ்களையும் வன்வட்டுகளையும் ஒவ்வொன்றாக இணைத்து, மாணவர் கோப்புகளை மட்டும் நகலெடுத்தேன். விண்டோஸின் எக்ஸி அங்கே தானாக இயங்காது. இந்த நகலை முதலில் எடுக்காமல் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை ஓட்டிவிடாதீர்கள். சில மென்பொருள்கள் தொற்றுள்ள எச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்வதற்குப் பதில் அழித்தே விடும். ஒரு பருவத்தின் உழைப்பு போய்விடும்.

விண்டோஸ் 10, 11 உள்ளவர்கள் டிஃபெண்டரில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் எழும் முன்பே சோதிப்பதால் வைரஸ் விழித்திருக்காது. ஆனாலும் சுத்தம் செய்த எக்ஸி கோப்புகள் சில ஒழுங்காக இயங்குவதில்லை. அதனால் நாங்கள் 10 கணினிகளிலும் எல்லா டிரைவையும் அழித்து, குறுவட்டிலிருந்தே நிறுவினோம். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

எச்டிஎம்எல் கோப்புகளை மாணவர்களே நோட்பேடில் திறந்து, தாங்கள் எழுதிய கடைசி வரிக்குக் கீழே உள்ளதை அழித்தார்கள். ஒட்டுகளைப் பற்றி நான் நடத்திய பாடங்களில் அவர்கள் இவ்வளவு கவனமாக இருந்து பார்த்ததில்லை.

இது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் நாளே, பாட்டு வைத்திருந்த பென்டிரைவோடு பிடிபட்ட ஒரு மாணவனை எல்லார் முன்னிலையிலும் திட்டி, அதை வாங்கி வைத்துக்கொண்டேன். சுத்தம் செய்யும்போது அதையும் சோதித்தேன். தொற்று இல்லை. எங்கள் கணினி எதிலாவது அவன் செருகியிருந்தால் அதில் ரீசைக்ளரும் ஆட்டோரனும் வந்திருக்கும்.

அந்த மாதம் ஆய்வகத்தில் புதிதாக ஏறியது ஒன்றே ஒன்று: தமிழ்த் தட்டச்சு மென்பொருள். நானே என் பென்டிரைவிலிருந்து கணினி கணினியாக நிறுவினேன். அதற்கு முந்தைய வாரம் வினாத்தாள் அச்செடுக்க அதே பென்டிரைவை வெளியே ஒரு கடையில் கொடுத்திருந்தேன். கடையிலிருந்து திரும்பிய மறுநாள், பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கும் அந்த நிறுவல் கோப்பைக் கொடுத்திருந்தது நினைவுக்கு வந்தது. தொலைபேசியில் அளவைப் பார்க்கச் சொன்னேன். அவரிடம் இருந்ததும் பெருத்த பிரதிதான். நல்லவேளை, அவர் அதை இன்னும் இயக்கவில்லை.

தேர்வுக்கு நான்கு நாள் முன்னதாக ஆய்வகம் தயாரானது. அந்த மாணவனைத் திட்டிய அதே இடத்தில், அதே வகுப்பின் முன்னால் தவறு என்னுடையது என்று சொல்லி பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நான் செருகவே இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனே சார்" என்றான்.